கொழுந்து வாடும் காற்றும் அதை அளக்கும் உணரிகளும்

நுவரெலியாவின் குளிரில் வீடுகளுக்குக் குளிரூட்டி தேவைப்படுவதில்லை என்றாலும், அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதனும் நாள்தோறும் கட்டுப்படுத்தப்பட வேண்டியவையாகவே இருக்கின்றன. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயோர்க்கின் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த முதலாவது குளிரூட்டல் அமைப்பின் நோக்கமும் மனிதரின் சுகமன்று, காகிதத்தைச் சுருங்கவும் விரியவும் செய்த ஈரத்தை அடக்குவதே. பொருளின் தரத்துக்காகக் காற்றைப் பதப்படுத்தும் அத்தேவையே மலையகத்தில் கொழுந்து வாட்டும் தொட்டிகளிலும், அரைத்த இலை புளிக்கும் அறையிலும், உலர்த்தியிலும் நிலவுகிறது. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள, 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளிலும் இத்தேவைக்கு நீண்டகாலமாக இடமுண்டு.

வாட்டுதல் என்பது வலைத்தட்டில் பரப்பிய கொழுந்தின் ஊடே விசிறியால் காற்றைச் செலுத்தி, பல மணி நேரத்தில் அதன் ஈரத்தைக் குறைப்பதாகும். அக்காற்று எவ்வளவு ஈரத்தை இன்னும் ஏற்கும் என்பதை உலர்குமிழ் வெப்பநிலைக்கும், நனைந்த திரி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடு காட்டுகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கம் மூடுபனியில் மூழ்கும்போது இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுவதால், சூடான காற்றைக் கலக்க வேண்டியிருக்கிறது. திரி காய்ந்துவிட்டால், அல்லது தேயிலைத் தூசி படிந்து நீரை உறிஞ்சாமல் போனால், ஈரக்குமிழின் அளவு உயர்ந்து உலர்குமிழை நெருங்குகிறது. காற்று ஈரமாக இருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவுசெய்து மேலும் மேலும் சூட்டைக் கலக்க, கொழுந்து கருகத் தொடங்குகிறது. கருவியின் கணக்கில் பிழையில்லை; அதற்குக் கிடைத்த செய்தியே பொய். சிறு திரித் துணியைச் சுத்தமான நீரில் நனைத்து வைக்கும் வேலைக்கு இத்தனை பெறுமதி இருக்கிறது என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

இலத்திரனியல் உணரிகளின் பிழைகள் அவற்றின் அமைப்புக்கேற்ப வேறுபடுகின்றன. குளிரூட்டிகளில் பரவலாகக் காணப்படும் தெர்மிஸ்டர், வெப்பம் கூடக் கூடத் தன் மின்தடை குறையும் ஒரு சிறு மணியாகும்; பெரும்பாலும் 25 பாகை செல்சியஸில் அதன் தடை 10,000 ஓம். ஈரக்காற்றில் இணைப்பு துருப்பிடித்துத் தடை கூடினால், அது உண்மையைவிடக் குளிரான அளவைச் சொல்கிறது. ஆயினும் ஒரு பாகைப் பிழைக்கு ஏறத்தாழ 440 ஓம் சேர வேண்டும். 0 பாகையில் 100 ஓம் தடையுள்ள பிளாட்டினம் உணரியிலோ வெறும் 0.4 ஓம் சேர்ந்தாலே ஒரு பாகை கூடுதலாகக் காட்டும். அதனாலேயே கம்பியின் தடையைக் கழித்துக் கணக்கிட அதற்கு மூன்றாவது கம்பி இணைக்கப்படுகிறது. உலர்த்தியில் பொருத்தப்படும் வெப்பவிணை, இரு வேறு உலோகங்களின் சந்தியில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தால் இயங்குவது. அதன் கம்பியைச் சாதாரணச் செப்புக் கம்பியால் நீட்டினால், ஒட்டிய இடம் 50 பாகையிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி 25 பாகையிலும் இருக்கும்போது, காட்டும் அளவு சுமார் 25 பாகை குறைந்துவிடுவதோடு, அதை நம்பி அடுப்பை ஏற்றினால் தேயிலை தீய்ந்தும் போகும்.

உணரியைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எப்போதும் வேண்டியதில்லை. நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த கலவை எந்த உயரத்திலும் 0 பாகைதான். கொதிநீரை நம்புவதில் மட்டும் மலையகத்தில் எச்சரிக்கை வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவென்பதால், நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, இதை அறியாதவர் சரியான உணரியைக் குறையுள்ளதென்று கழற்றி எறியக்கூடும். ஈரப்பதன் உணரிக்கு உப்பே போதும். நீரில் முழுவதும் கரையாமல் ஈரக் களியாக இருக்கும் கறியுப்பை மூடிய போத்தலில் வைத்தால், அதன் மேலுள்ள காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தருகே நிலைக்கிறது. சில மணி நேரம் அதில் இருந்தபின் உணரி வேறொன்றைச் சொன்னால், அதன் மென்படலத்தில் அழுக்கோ முதுமையோ சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் பிறகே, அளவுகளைப் பெற்று முடிவெடுக்கும் கன்ட்ரோல் போர்டைச் சந்தேகிப்பது முறை. அதை முதலில் மாற்றுவது பெரும் செலவு, பழுதோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தித் தெர்மிஸ்டரின் இரு முனைகளையும் கழற்றி, அவ்விடத்தில் சரியாக 10,000 ஓம் தடை ஒன்றை இணைத்து மீண்டும் இயக்கினால், அத்தகைய உணரிக்கென அமைந்த போர்ட் 25 பாகை என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் போர்டின் அந்த உள்ளீடு நலமாயிருக்கிறது, பழுது கம்பியிலோ உணரியிலோ இருக்கிறது. காட்டாவிட்டால்தான் புதிய போர்டுக்குப் பணம் செலவிட நியாயமுண்டு.