பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிட் நோட்டீஸ் மழைதான். இயற்பியல், வரலாறு என்ற பழகிய பெயர்களுக்கு நடுவே, இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்த நீளமான பட்டங்களும் கண்ணில் படுகின்றன.

படிப்பு என்று பார்த்தால் அதில் குறையில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைக்கும் புதைபடிவத்தைப் புரிந்துகொள்ள நிலவியலும் வேண்டும், உயிரியலும் வேண்டும். சிக்கல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வருகிறது.

குரூப் 1 தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு அது போதாது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். மாறினால் ‘கிராஸ் மேஜர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், கேட்கப்பட்ட பட்டத்துக்கு அது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. பதவிகளுக்கு, தேர்வு அறிவிக்கை வெளியாகும் தேதிக்குள் அந்த ஆணை வந்திருக்க வேண்டும். பாடம் முக்கால்வாசி ஒன்றுதானே என்று சான்றிதழ் சரிபார்ப்பில் வாதாடிப் பயனில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன, இணைத்தன்மை அரசாணை எண் என்ன? “அனுப்பியிருக்கோம், வந்துடும்” என்பது பதில் ஆகாது. முதல் பட்டதாரி வீடுகளில் இதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. கேட்டால் சீட் போய்விடுமோ என்ற பயம் வேறு. கல்லூரி மழுப்பினால், உயர்கல்வித் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். முடிவு வரும்வரை காத்திருந்தால் அந்த 30 நாள் கிடைக்காது. பொதுத்தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு தெரியவந்தால்? யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50; அதன்பின் எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவில் எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு உண்டு.

படித்தே முடித்துவிட்டவர்கள், பல்கலைக்கழக முத்திரையோடு பாடத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டு, இணைத்தன்மைக்குப் பரிந்துரைக்கும்படி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மனுக் கொடுக்கலாம். தனியாகப் போவதைவிட அதே பட்டம் பெற்றவர்கள் சேர்ந்து போவது நல்லது.