எல்லையோரக் காய்ச்சல்கள்: பொருக்கில் இருக்கிறது பதில்

டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. ஆனால் ஆறாவது நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளிக்கோ, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாடு மேய்ப்பவருக்கோ இப்படி ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குப் போவார்கள். பழைய சீட்டுகள் வீட்டிலேயே கிடக்கும். அங்கே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் பார்த்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல், 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கண்டறியப்பட்டது. உண்ணி பரப்பும் வைரஸ் நோய் அது. அதற்கென்று நேரடி மருந்து கிடையாது. இந்த வாரம் பார்க்கப்போகும் பாக்டீரியாக்களுக்கோ மருந்து இருக்கிறது, அதுவும் மலிவாக. அப்படியிருந்தும் இவற்றால் ஆட்கள் சாகிறார்கள் என்பதுதான் பொறுக்க முடியாத விஷயம்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்க்ரப் டைபஸ். புதர்க்காட்டிலும் வரப்போரப் புல்லிலும் வாழும் கண்ணுக்கு எளிதில் படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்தால், ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி உடலுக்குள் போகிறது. இன்னொன்று இந்திய உண்ணி டைபஸ். இதன் கிருமி ரிக்கெட்சியா கொனோரி. நாயின் காதுமடலில் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணி இதைப் பரப்பும். குமாவுன் மலைப்பகுதியில் கண்ட ஒரு காய்ச்சலை உண்ணிக்கடியோடு முடிச்சுப்போட்டு மெகா என்ற ராணுவ மருத்துவர் எழுதியது 1917இல். நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த நோய் இது.

பிறகு ஏன் தவறவிடுகிறோம்? இந்தக் கிருமிகள் ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து வாழ்கின்றன. ரத்தத்தில் மிதப்பவை சொற்பம். சாதாரண கல்ச்சரில் வளராது. எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் எலைசா பரிசோதனை நல்லதுதான், ஆனால் அந்தப் புரதம் ஏற ஒரு வாரம் போல ஆகும். 1916இல் வந்த வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையைச் சில இடங்களில் இன்னும் நம்பியிருக்கிறார்கள். நோய் இருந்தும் இல்லை என்று அது சொல்வது சகஜம். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நிறுத்த வேண்டும்.

முதல் வாரத்தில் கைகொடுப்பது மரபணுப் பரிசோதனை. பிசிஆர் கருவிக்குள் வெப்பம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும், தேடுகிற மரபணுத் துண்டு இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். ஸ்க்ரப் டைபஸுக்கு 56 அல்லது 47 கிலோடால்டன் புரதத்துக்கான மரபணுவைத் தேடுவார்கள். உண்ணி டைபஸ் வகைக்கு ஓம்ப்-ஏ, ஓம்ப்-பி போன்றவை.

எதில் தேடுவது என்பதில்தான் சூட்சுமம். ஸ்க்ரப் டைபஸில் பலருக்கு, கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு நாடா இறுகும் இடம், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்புறம் என்று மறைவிடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. அந்தப் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி, ஒரு துணுக்கைச் சுத்தமான குழாயில் போட்டு அனுப்பினால் போதும். ரத்தத்தில் சிக்காத கிருமி அதில் சிக்கும்; மருந்து தொடங்கிய பிறகும் சிக்குவதுண்டு. உண்ணி டைபஸில் பொருக்கு அவ்வளவாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் தடிப்புதான் அடையாளம். அங்கிருந்து கடுகளவு தோலை எடுத்துப் பார்க்கலாம்.

அப்படி எடுத்த தோல் என்ன சொல்லும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. காய்ச்சலும் தடிப்புமாக வந்த ஒரு வயது ஆண் குழந்தையின் தோல் மாதிரியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்களும் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கிடைத்த மரபணு வரிசை அதுவரை அறிந்த எந்த ரிக்கெட்சியாவோடும் முழுதாகப் பொருந்தவில்லை. 2006இல் அதை 'ரிக்கெட்சியா கெல்லியை' என்ற தற்காலிகப் பெயரில் வெளியிட்டார்கள். எலைசாவோடு நின்றிருந்தால் அந்தப் புது வகை யாருக்கும் தெரிந்திருக்காது.

இதைச் சொல்வதால், முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் கொடுங்கள் என்று 2015லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். ஸ்க்ரப் டைபஸ் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது மேல் என்று, சிஎம்சி தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இறப்பு, நீடித்த சிக்கல், இறங்காத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், ஒற்றை மருந்தில் 47, 48 சதவீதமாக இருந்தது கூட்டு மருந்தில் 33 ஆனது. நாம் வழக்கமாகப் போடும் பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இந்தக் கிருமிகளை ஒன்றும் செய்யாது.

ஆக, மாதிரியை எடுத்துக் குழாயில் போட வேண்டும், அதே வேளையில் முதல் மாத்திரையையும் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை ஆளைக் காப்பாற்றும். மாதிரி ஊரைக் காப்பாற்றும்: கடித்தது புதர்ச் சிற்றுண்ணியா, தெருநாயின் உண்ணியா என்று தெரிந்தால்தான் புதரை வெட்டுவதா, நாய்களுக்கு மருந்து அடிப்பதா என்று முடிவெடுக்க முடியும். தளியில் கடிபட்டவர் பெங்களூரில் படுத்துக் குணமாகிப் போனால், அந்தத் தகவல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் திரும்பி வர யாராவது ஊரைக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் இந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்வது அவசியம். கொரோனா காலத்தில் மாவட்டங்கள்தோறும் வந்த பிசிஆர் கருவிகளிலேயே இவற்றையும் தேடலாம். மாற வேண்டியது ரசாயனத் தொகுப்பும் பயிற்சியும்தான்.

காய்ச்சலோடு மருத்துவரைப் பார்க்கும்போது காட்டுக்கோ கொல்லைக்கோ போனதையும், வீட்டு நாய்க்கு உண்ணி இருப்பதையும் நீங்களாகச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் உடம்பு முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் கழுவிச் சுரண்டிவிடாதீர்கள்.

(தொடரும்)