குருணியில் இல்லை ஆபத்து, கரைசலில்

இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சத்தின் மரச்சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், இத்தகைய மரம் உக்கினால் எப்படிக் காப்பது என்று யோசிப்பேன். அருங்காட்சியகங்களில் உக்கிய மரத்தை இறுக்க ‘பரலொயிட் பி-72’ என்ற அக்கிரிலிக் பிசினைக் கரைத்து ஊட்டுகிறார்கள். கண்ணாடிக் குருணிபோல் இருக்கும்.

குருணியால் பெரிய தீங்கில்லை. ஆனால் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் இளகும். எங்கள் வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் ஒட்டிக் கட்டியாகும். இறுக மூடி, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். சிந்தினால் கால் வழுக்கும், உடனே கூட்டுங்கள். தூளாக்காதீர்கள்; காற்றில் அடர்ந்த நுண்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கலாம்.

பெரிய ஆபத்து, கரைக்கும் அசற்றோனில். அதன் ஆவி உறைகுளிரிலும் தீப்பற்றும். காற்றைவிடப் பாரமானதால் தரையோடு பரவி, தூரத்து விளக்கையும் எட்டும். விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்தில் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. காற்றோட்டமான வெளியில், நிழலில் கரையுங்கள்.