நான்கு எட்டானபோது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் ஆலைகள் இருந்தன. 1950களில் அவற்றின் மேலாளர்களை ஒரு புதிர் வாட்டியது. ஒரு சமயம் மூன்று ஷிப்டு ஓட்டியும் வேலை தீராது. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். அப்புறம் மறுபடி ஆள் தேடி அலைவார்கள். நாட்டுப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த விளக்கம் அவர்களுக்கே ஒப்பவில்லை.

புதிர் ஜே ஃபாரஸ்டரின் காதுக்குப் போனது. நெப்ராஸ்காவில் ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் அவர். பள்ளியில் படிக்கும்போதே பழைய கார் உதிரிகளை வைத்துக் காற்றாலை செய்து, பண்ணைக்கு முதன்முதலாக மின்சாரம் கொண்டுவந்தவர். பின்னாளில் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் கணினியை உருவாக்கியவர். 1956இல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறியிருந்தார்.

ஆலையில் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள், கிடங்கில் எவ்வளவு சரக்கு வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று மேலாளர்களிடம் விசாரித்தார். நோட்டில் கட்டம் போட்டுச் சரக்கிருப்பு, ஊழியர் எண்ணிக்கை, ஆர்டர் என்று எழுதினார். இந்த நிலவரத்துக்கு மேலாளர்கள் வழக்கமாக எடுக்கும் முடிவு எது, அதனால் அடுத்து என்ன நிலவரம் வரும் என்று பென்சிலாலேயே கணக்கிட்டுக்கொண்டு போனார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தபோதும், ஊழியர் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆலையை ஆட்டிவைத்தது ஆலையின் சொந்த விதிகளே.

இந்தப் பென்சில் கணக்குதான் அமைப்பு இயங்கியல் என்ற துறைக்கு வித்து. ஒரு சிக்கலின் காரணத்தைத் தனி ஆளிடமோ தனி நிகழ்விலோ தேடாமல், பகுதிகள் ஒன்றையொன்று எப்படி இயக்குகின்றன என்று பார்க்கும் அமைப்புச் சிந்தனைக்கு அது கணித உடல் கொடுத்தது. ஃபாரஸ்டரின் எம்.ஐ.டி. குழு, இதை யாரும் தானே அனுபவித்துப் பார்க்க ஒரு மேசை விளையாட்டையும் அமைத்தது. பெயர் பீர் விளையாட்டு. குடிக்க ஒரு சொட்டும் கிடையாது.

ஆட்டத்தில் நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். ஒவ்வொரு வாரமும் வாடிக்கையாளர் கடையில் பீர் கேட்பார். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் ஆர்டர் போடுவார். அது படிப்படியாக ஆலை வரை போகும். சரக்கு எதிர்த்திசையில் வரும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் பிடிக்கும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு; கேட்டுக் கொடுக்க முடியாத பெட்டிக்கு ஒரு டாலர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும்தான் பேசும்.

தொடக்கத்தில் எல்லாம் சமநிலை. ஒவ்வொருவர் கையிலும் 12 பெட்டி இருப்பு. வாரந்தோறும் 4 பெட்டி போகும், 4 பெட்டி வரும். ஐந்தாவது வாரம் வாடிக்கையாளர் 8 பெட்டி கேட்கிறார். அதன்பின் ஆட்டம் முடியும் வரை அதே 8தான்.

இந்தச் சின்ன மாற்றம் என்ன செய்கிறது? போவது 8, வருவது 4. மூன்றே வாரத்தில் கடையின் இருப்பு தீர்கிறது. கூடுதலாகக் கேட்டது வந்து சேர ஏறக்குறைய நான்கு வாரமாகும். நிலுவை ஏறுகிறது, கடைக்காரர் பதறி இன்னும் அதிகம் கேட்கிறார். மொத்த வியாபாரிக்குக் கடைக்காரரின் பதற்றம் தெரியாது. பெருத்துவிட்ட ஆர்டரை மட்டும் பார்த்து, சந்தை சூடுபிடித்துவிட்டது என்று நினைத்துத் தன் பங்குக்கும் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார். படிக்குப் படி இப்படி வீங்கிய ஆர்டர், ஆலையை எட்டும்போது உண்மைத் தேவையைப் போலப் பல மடங்காகியிருக்கும். பிறகு, கேட்ட சரக்கெல்லாம் ஒருசேர வந்து குவியும். எல்லோரும் ஆர்டரை நிறுத்துவார்கள். ஆலை சும்மா கிடக்கும்.

ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டங்களின் கணக்கை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். குழுக்களின் சராசரிச் செலவு, எட்டியிருக்கக்கூடிய மிகக் குறைந்த அளவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. காரணத்தையும் பிரித்துக் காட்டினார்: ஏற்கெனவே ஆர்டர் போட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை ஆட்டக்காரர்கள் போதிய அளவு கணக்கில் சேர்ப்பதில்லை. மாத்திரை போட்டுப் பத்து நிமிடத்தில் தலைவலி விடவில்லையே என்று இன்னொன்றை விழுங்கும் அவசரம் இது.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் என்ன கேட்டிருப்பார் என்று கடைக்காரர் தவிர மற்ற மூவரையும் வரைந்து காட்டச் சொல்வார்கள். பெரும்பாலோர் மலைபோல் ஏறி மடுவில் இறங்கும் கோடு வரைவார்கள். உண்மைக் கோடு ஒரே ஒரு படி: நான்கு, பிறகு எட்டு. அலையைத் தாங்களே எழுப்பிவிட்டு, வெளியிலிருந்து வந்ததாக நம்பியிருக்கிறார்கள். மாணவரோ அனுபவமுள்ள நிர்வாகியோ, நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே அலைதான் எழுகிறது.

மேசைக்கு வெளியேயும் இது நடக்கிறது. குழந்தைகள் டயப்பரை ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. கடை விற்பனையும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் பாம்பர்ஸ் தயாரிக்கும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்துக்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஆடின. அந்நிறுவனம் மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர்கள் அதைவிட மோசம். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரு வீச்சு என்பதால் இதற்குச் சாட்டை விளைவு என்ற பெயர் நிலைத்தது.

1997இல் ஹாவ் லீயும் இரு சக ஆய்வாளர்களும் இதன் காரணங்களை நான்காக வகுத்தனர். வரும் ஆர்டரையே தேவையாக எடுத்து முன்கணிப்பைத் திருத்துவது. லாரி நிறையட்டும் என்று காத்திருந்து மொத்தமாகக் கேட்பது. தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது. தட்டுப்பாடு வந்தால் பங்கு குறையுமே என்று தேவைக்கு மேல் கேட்டு வைப்பது. நான்கும் அவரவர் இடத்தில் கெட்டிக்காரத்தனமான முடிவுகள். சேர்ந்தால் எல்லோருக்கும் நட்டம். தொழில்நுட்பச் சந்தையின் சூட்டில் ஆர்டர்கள் குவிந்திருந்த சிஸ்கோ நிறுவனத்துக்கு, 2001இல் சந்தை சரிந்ததும் 220 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

நோய் அமைப்பில் இருப்பதால் மருந்தும் அமைப்பில்தான். 1980களின் பிற்பகுதியில் வால்மார்ட் தன் விற்பனை, இருப்பு விவரங்களைப் பிராக்டர் அண்டு கேம்பிளுக்கு நேரடியாகத் திறந்துவிட்டது. எப்போது எவ்வளவு அனுப்புவது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்தார். நடுவில் ஆர்டர் வீங்க இடமில்லாமல் போனது. ஆனால் தகவலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. பீர் விளையாட்டில் கடை விற்பனையை நால்வருக்கும் காட்டிச் செய்த சோதனைகளில் ஆர்டர்களின் ஊசலாட்டம் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. தாமதத்தையும் குறைக்க வேண்டும். வழியில் இருப்பதை எண்ணும் பழக்கமும் வேண்டும்.

அந்தப் பழக்கம் சரக்குக்கு மட்டும் உரியதன்று. புதிதாக எடுத்த ஆட்கள் தேறி வருவதற்குள் இன்னும் ஆள் எடுக்கும் நிறுவனம், போன மாதச் சுற்றறிக்கை பலன் தருமுன் அடுத்ததை அனுப்பும் அலுவலகம், ஒரு திருத்தத்தின் விளைவு தெரியுமுன் வடிவமைப்பை மறுபடி மாற்றும் குழு எல்லாம் பீர் விளையாட்டின் நான்கு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவர்களே. பொறுப்பாளரை மாற்றினால், வருகிறவருக்கும் அதே சீட்டுதான், அதே தாமதம்தான். ஆளை மாற்றுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: இவர் கண்ணுக்கு எந்தத் தகவல் எட்டவில்லை? ஏற்கெனவே செய்ததில் எவ்வளவு இன்னும் வழியில் இருக்கிறது?