பட்டன் போனுக்கும் ஸ்மார்ட்போனுக்கும் என்ன வித்தியாசம்?

கடையில் 1,500 ரூபாய்க்கும் போன் இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டிலும் பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். பிறகு எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்?

தொடுதிரைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை. 2009இல் வந்த சாம்சங் கார்பி தொடுதிரை போன்தான், ஆனால் ஸ்மார்ட்போன் இல்லை. பிளாக்பெர்ரியில் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன, அது ஸ்மார்ட்போன். கேமரா, பாட்டு, புளூடூத் எல்லாம் இன்று பட்டன் போனிலும் கிடைக்கின்றன.

அப்படியானால் எதில்தான் வித்தியாசம்? பட்டன் போன் என்னென்ன செய்யும் என்பதை அதைத் தயாரித்த நிறுவனமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. வாங்கிய பிறகு புதிதாக ஒரு வேலையை அதற்குக் கற்றுத்தருவது கடினம். ஸ்மார்ட்போனிலோ ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்ற இயங்குதளம் (போனின் எல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்) இருக்கும். அதன்மேல் உங்களுக்கு வேண்டிய செயலியை (ஒரு வேலைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்) நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அதற்கு ஆப் ஸ்டோர் கிடையாது. 2008 ஜூலையில் அது திறந்த பிறகுதான் வெளியார் எழுதிய செயலிகள் குவிந்தன. ஒரே கருவி பஸ் டிக்கெட்டாகவும் பாஸ்புக்காகவும் வகுப்பறையாகவும் மாறியது அதற்குப் பிறகுதான்.

ஜியோபோன் எந்த வகை? இரண்டுக்கும் நடுவில். 2017இல் வந்த அந்தப் பட்டன் போனில் கைஓஎஸ் என்ற சிறிய இயங்குதளம் இருந்தது. மறு ஆண்டே அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டில் கிடைக்கும் செயலிகளில் மிகச் சிலவே அதற்குக் கிடைத்தன.

பட்டன் போனில் மட்டும் சார்ஜ் எப்படி நாள்கணக்கில் நிற்கிறது? அதன் திரை சிறியது. நீங்கள் தொடாதபோது பின்னணியில் ஓடும் வேலையும் குறைவு. ஸ்மார்ட்போன் சட்டைப்பையில் கிடக்கும்போதுகூட மெயில் வந்ததா, செய்தி வந்ததா என்று இணையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பட்டன் போன் வாங்கப் போகிறீர்களா? எந்த சிம் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. 2ஜி மட்டும் உள்ள போனில் அந்த சிம் வேலை செய்யாது. பெட்டியில் 4ஜி என்று இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

டேட்டா தேவையில்லாதவரும் டேட்டாவுக்குச் சேர்த்தே பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்துவிட்டது. கடைக்காரர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பட்டன் போனில் பணம் அனுப்ப முடியுமா? முடியும். இணையம் இல்லாமலே யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப *99# சேவை இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பட்டன் போன்களுக்கென்றே யுபிஐ 123பே சேவையையும் தொடங்கிவைத்தது. அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்துதான் செய்ய வேண்டும்.

சரி, ஸ்மார்ட்போனில் ஆபத்து அதிகமா? இதை நிதானமாகப் படியுங்கள். எந்தச் செயலியையும் ஏற்றலாம் என்ற வசதிதான் திருடனுக்கும் வாசல். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ‘.ஏபிகே’ என்று ஆங்கில எழுத்துகளில் இருந்தால் அது பத்திரிகையே இல்லை, ஒரு செயலி. தொட்டு நிறுவி, கேட்பதற்கெல்லாம் ‘அனுமதி’ கொடுத்துவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ்களை அது படிக்கும். வங்கியின் ஓடிபியும் அதில் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அவர் போனே திருடன் கையில் சிக்கியிருக்கலாம். சாதாரணப் பட்டன் போனில் இந்தக் கோப்பு திறக்கவே திறக்காது. ஆனால் போனில் பேசி ஓடிபி கேட்பவனிடமிருந்து எந்தப் போனும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்மார்ட்போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் (கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) சில ஆண்டுகள்தான் வரும். அது நின்ற பிறகும் போன் ஓடும், ஆனால் அதில் வங்கி வேலை பார்ப்பது நல்லதல்ல. எத்தனை ஆண்டு அப்டேட் தருவார்கள் என்பதை, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன்னால் கேளுங்கள்.

வீட்டுப் பெரியவருக்கு எதை வாங்குவது? பேச மட்டும்தான் என்றால் 4ஜி பட்டன் போன் போதும். பிடிக்காதவர் கையில் ஸ்மார்ட்போனைத் திணிக்காதீர்கள். பேரப்பிள்ளையை வீடியோவில் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால் ஸ்மார்ட்போன் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து பழக்குங்கள். அவருடைய சேமிப்புக் கணக்கோடு இணைந்த சிம்மை மட்டும் தனியாக ஒரு பட்டன் போனில் போட்டுவைப்பது என் யோசனை. அந்தக் கணக்குக்கு யுபிஐ செயலி பயன்படுத்த முடியாமல் போகலாம், ஏனென்றால் அந்தச் செயலிகள் வங்கி எண்ணின் சிம் அதே போனில் இருக்கிறதா என்று பார்க்கும். சில்லறைச் செலவுக்குக் குறைந்த பணம் உள்ள வேறொரு கணக்கை, ஸ்மார்ட்போனில் இருக்கும் எண்ணோடு இணைத்துக்கொள்ளலாம்.

எந்தப் போன் வாங்கினாலும் *#06# அழுத்திப் பாருங்கள். திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். வீட்டு நோட்டில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைத் தந்து போனை முடக்கலாம்.