பத்துமலையை விட மூத்த பரங்கிமலை: கல்லுக்குள் ஒரு கடிகாரம்

கோல சிலாங்கூர் தோட்டத்து மக்கள் தைப்பூசத்திற்குச் செல்லும் பத்துமலையின் சுண்ணாம்புக் கல், 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. கடலடியில் படிந்து, பின்னர் வெப்பத்தால் பளிங்காக உருமாறியது. ஆனால் நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னையில், பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்!

'சார்னோக்கைட்' எனப்படும் இப்பாறை, பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் உருவானது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இவ்வகையே என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? பாறைக்குள் சிர்க்கான் என்னும் நுண்மணிகள் உள்ளன. அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஒதுக்கிவிடும். பின்னர் அந்த யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறும். அதன் முக்கிய வகையில் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். மணிக்குள் இரண்டும் எவ்வளவு உள்ளன என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

பரங்கிமலைப் பாறை இந்தியாவின் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று. ஆனால் அதே பாறையாலான சுற்றுவட்டாரக் குன்றுகள் பல, ஜல்லிக்காக உடைக்கப்பட்டுவிட்டன. சென்னை விமான நிலையத்தில் இறங்கும் நம்மவர்கள், அருகே எஞ்சி நிற்கும் குன்றுகளை ஒருமுறை நின்று பார்க்கலாம்.