வீட்டு மின்சாரத்திற்கு ஒரு கணக்குப்பிள்ளை

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் தவறினாலும் உழவர் கண்டுகொள்வார். கடையில் நிறுக்கும் சர்க்கரையும், காலையில் அளந்து ஊற்றும் பாலும் வீட்டுப் பெண்மணியின் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால் மின்சாரம் மட்டும் அளவு தெரியாமலே செலவாகிவிடுகிறது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் பார்த்துக் கணக்கெடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். அறுபது நாள் செலவும் அன்று ஒரே எண்ணாக வந்து நிற்கிறது. அந்த எண்ணில் மின்விசிறியின் பங்கு எவ்வளவு, கிணற்று மோட்டாரின் பங்கு எவ்வளவு, யாருக்கும் பயன்படாமல் வீணானது எவ்வளவு என்பதைக் கட்டண அட்டை கூறுவதில்லை.

இதை அறிந்துகொள்வதால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதே அதற்கு விடையாகும். 2016ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதச் செலவில் முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு, தாண்டிய யூனிட்டுகளின் விலை ஏறியதோடு, கீழ்ப்படியில் இருந்த ஒரு சலுகையும் நீங்கிற்று. ஆகவே 499க்கும் 501க்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் இரண்டு யூனிட் அன்று. விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. தத்தம் வீட்டிற்குரிய விகிதத்தைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிவது நலம். ஆனால் வரம்பை நெருங்குகிறோம் என்பது கணக்கெடுக்கும் நாளுக்கு முன்பே தெரிந்தால்தான் கையைக் கட்டுப்படுத்த முடியும்.

இந்த வேலையை இப்போது ஒரு சிறு கணினியிடம் ஒப்படைக்கலாம். அதை அமைக்கும் முறையை இங்கு சுருக்கமாக விளக்குவோம்.

கணினி இல்லாத முதற் சோதனை

பணம் செலவிடுமுன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் 3200 என்று கொள்வோம். ஒரு நிமிடத்தில் விளக்கு 16 முறை மின்னினால், ஒரு மணிக்கு 960 முறை ஆகிறது. 960ஐ 3200ஆல் வகுத்தால் 0.3. அதாவது அந்த நேரத்தில் வீடு 300 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட் என்பதை நாம் அறிவோம்.

எல்லா விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்திய பின்னரும் அந்தச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்குமானால், வீட்டில் ஏதோ ஒன்று மறைவாக மின்சாரத்தைப் பருகுகிறது என்று பொருள். கணினி செய்யப்போவதும் இதே எண்ணும் வேலையைத்தான். நாம் ஒரு நிமிடம் எண்ணுகிறோம். அது இரவும் பகலும் எண்ணுகிறது.

எந்தக் கணினியை அமர்த்துவது?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை இதற்கு வைத்துக்கொள்ளலாமே என்று பலருக்கும் தோன்றும். இங்கே நிதானம் தேவை. கண்காணிக்கும் கணினி ஓயாமல் ஓடவேண்டும். அத்தகைய மேசைக் கணினி 60 வாட் எடுப்பதாகக் கொண்டால், 60 நாட்களில் அது விழுங்குவது 86 யூனிட்டுக்கு மேல். கட்டணமின்றி வந்த 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே தீனியாகிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். 15 வாட் எடுக்கும் மடிக்கணினிக்கு ஏறக்குறைய 22 யூனிட் ஆகும். 4 வாட் அளவில் ஓடும் கையகலக் கணினிக்கோ 6 யூனிட்டுக்கும் குறைவே.

அத்தகைய கையகலக் கணினிகளுள் பெயர்பெற்றது ராஸ்பெர்ரி பை. 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மாணவர்களின் கல்விக்கென வெளியிடப்பட்ட இது, இன்று உலகெங்கும் பல பணிகளுக்குப் பயன்படுகிறது. வீட்டுக் கணக்குக்கு இதுவே ஏற்றது.

அளக்கும் கருவியும் அபாயமும்

கணினி தானாக மின்சாரத்தை அளக்காது. அளந்து சொல்ல ஒரு கருவி வேண்டும். மின்கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் வளையம் ஒன்று இதற்கு உண்டு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் உண்டாகும் காந்தப் புலத்தைக் கொண்டு அது அளவை அறிகிறது. வளையத்தை ஃபேஸ் கம்பி ஒன்றின் மீது மட்டுமே பூட்டவேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கணினி எப்போதும் சுழியத்தையே காட்டும்.

மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் கருவி போதாது. நம் கிராமங்களில் 230 வோல்ட் என்பது பேருக்குத்தான். அது ஏறும், இறங்கும். மேலும் மோட்டார் முதலியவை இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் மீட்டரில் யூனிட்டாக ஏறுவதில்லை. ஆதலால் மின்னழுத்தத்தையும் சேர்த்து அளந்து உண்மையான வாட் கணக்கைத் தரும் கருவியே வேண்டும். பிஇசட்இஎம்-004டி என்ற சிறு அளவி அத்தகையது. அதை இஎஸ்பி32 என்ற சில்லுப் பலகையுடன் இணைத்தால், அளவுகள் வைஃபை வழியாகக் கணினிக்குப் போய்ச் சேரும்.

இனிக் கூறுவதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மின்வாரியத்தின் மீட்டரையும் அதன் முத்திரையையும் எக்காரணங்கொண்டும் தொடலாகாது. கருவி பொருத்தும் இடம், மீட்டருக்கு அப்பால், வீட்டு மெயின் சுவிட்சை அடுத்த நம் பகுதியிலேயே இருக்கவேண்டும். மின்னழுத்தத்தை அளக்கும் கருவியில் உயிர்க்கம்பி வந்து சேருகிறது. ஆகையால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ஃபியூஸ் வைத்து, மூடிய பெட்டிக்குள் அதைப் பொருத்தவேண்டும். கணினி கற்ற மகன் வீட்டில் இருக்கிறான் என்பதற்காக இவ்வேலையை அவனிடம் விடுவது தகாது. மென்பொருளில் செய்த பிழையைத் திருத்திக்கொள்ளலாம். உயிர்க்கம்பியில் செய்த பிழையைத் திருத்த வழியில்லை.

மென்பொருளை அமைக்கும் முறை

இப்பணிக்கான மென்பொருள்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று எமான்சிஎம்எஸ், வேல்ஸ் நாட்டிலிருந்து இயங்கும் ஓப்பன் எனர்ஜி மானிட்டர் குழுவினர் உருவாக்கியது. மற்றொன்று ஹோம் அசிஸ்டென்ட். பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013ஆம் ஆண்டு தொடங்கியது. இதில் மின்சாரக் கணக்குப் பலகை 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. இரண்டையும் விலையின்றிப் பெறலாம். இங்கு இரண்டாவதையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவதாக, வேறொரு கணினியின் உதவியால் இம்மென்பொருளை மெமரி கார்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கென ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற எளிய செயலி இருக்கிறது. கார்டைக் கையகலக் கணினியில் செருகி, வைஃபை பெட்டியுடன் கம்பியால் இணைத்து, மின்சாரம் கொடுக்கவேண்டும். முதல்முறை தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும், பொறுத்திருக்க வேண்டும். இதன்பின் வீட்டிலுள்ள எந்தக் கைபேசியிலும் உலாவியைத் திறந்து, அக்கணினியின் முகவரியோடு 8123 என்ற துறை எண்ணை இட்டால், வரவேற்புப் பக்கம் தோன்றும். அங்கு உரிமையாளர் பெயரையும் வலுவான கடவுச்சொல்லையும் பதிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, இஎஸ்பிஹோம் என்ற துணை மென்பொருளைக் கொண்டு அளக்கும் கருவியை அறிமுகம் செய்யவேண்டும். வோல்ட், வாட், யூனிட் ஆகிய மூன்று அளவுகளும் திரையில் வந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவதாக, செட்டிங்ஸ் பகுதியில் டாஷ்போர்ட்ஸ் என்பதில் எனர்ஜி என்ற பலகையைத் திறந்து, மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரமாக அந்த யூனிட் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட் அளவு இதற்குப் பொருந்தாது. சேர்த்த உடனே பலகை வெறுமையாக இருப்பதைக் கண்டு சோர்வடைய வேண்டாம். கணக்கு வந்து நிறைய இரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.

நான்காவதாக, யூட்டிலிட்டி மீட்டர் என்ற துணைக்கருவியைச் சேர்த்து, அதன் சுழற்சியை இரு மாதமாக அமைத்துக்கொள்ளலாம். நமது கட்டண வழக்கத்திற்கு இது மிகவும் பொருந்துவது. பலகையில் யூனிட்டின் விலையையும் இட இடமுண்டு. ஆனால் அங்கு நிலையான ஒரே விலையை இடுவதே எளிய வழி. நம் படிமுறைக் கட்டணத்துக்கு அது ஒத்துவராது. எனவே ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு யூனிட் கணக்கையே பார்த்துவருவது தெளிவைத் தரும்.

அமைத்த முதல் வாரம், மீட்டரில் ஏறிய யூனிட்டையும் கணினி காட்டும் யூனிட்டையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து ஒப்பிடவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால் கணக்குப்பிள்ளை நம்பத்தக்கவர். பெரிதும் வேறுபட்டால், வளையம் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் செய்யவேண்டும்.

கணக்கைப் படிப்பது எப்படி?

உதாரணமாக, இரு மாதத்தில் 566 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். 75 வாட் விசிறிகள் மூன்று நாளுக்கு 12 மணி நேரம் சுழல்வதால் 162 யூனிட் ஆகிறது. குளிர்பெட்டிக்கு 72, மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு 60, விளக்கு, தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி முதலியவற்றுக்கு 140. இவ்வளவும் சேர்ந்து 434தான். எஞ்சிய 132 யூனிட் எங்கே போயிற்று?

திரையில் ஒரு நாளின் வரைபடத்தை நோக்கினால் விடை கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு மேடு தெரிகிறது. தொட்டியில் நீர் குறைந்தால் தானே மோட்டாரைப் போடும் கருவி அந்த வீட்டில் உண்டு. ஊரே உறங்கும் வேளையில் நீரைச் செலவிட்டவர் யார்? தொட்டியின் அடிக்குழாயில் உள்ள கசிவுதான். அதனால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிய மோட்டார் 60 யூனிட்டை வீணாக்கியது. வரைபடம் இரவிலும் தரையைத் தொடாமல் நிற்பது இரண்டாவது குறிப்பு. குளிர்பெட்டியையும் விசிறிகளையும் கழித்த பின்னரும் 50 வாட் ஓடிக்கொண்டே இருக்கிறது. செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், செருகியபடியே விட்ட சார்ஜர்கள் முதலியவற்றின் கூட்டுச் செலவு அது. 50 வாட் சிறு தொகைதான். அறுபது நாளும் ஓயாமல் ஓடினால் 72 யூனிட்.

கசிவை அடைத்தால் 506. உறங்கும் கருவிகளில் பாதியை நிறுத்தினால் 470. வரம்புக்குக் கீழே வந்தாயிற்று. இதற்காக எவரும் வியர்வையில் வாடவோ இருட்டில் உட்காரவோ வேண்டியதில்லை. பின்னர் வசதிப்படும்போது ஒரு விசிறியை மாற்றி, 30 வாட் அளவில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறியை அமைத்தால், அந்த ஒன்றிலேயே 54 யூனிட் 22 ஆகக் குறையும்.

மேலும் ஒரு நன்மை உண்டு. மின்னழுத்தம் எந்த நாளில், எந்த வேளையில், எவ்வளவு தாழ்ந்தது என்பதும் பதிவாகிறது. ‘கரண்ட் கம்மியாக வருகிறது’ என்று பிரிவு அலுவலகத்தில் வாயால் முறையிடுவதைவிட, ‘பத்து நாட்களாக மாலை 7 மணிக்கு 180 வோல்ட்’ என்று எழுதித் தருவது பயன் அளிக்கும். விரிவான பதிவுகளை இம்மென்பொருள் வழக்கமாகப் 10 நாட்களே வைத்திருக்கும். மணிக்கணக்கிலான தொகுப்பு மட்டுமே நீடித்து நிற்கும். ஆதலால் முறையீட்டுக்குரிய அளவுகளை உடனுக்குடன் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

பாதுகாப்பு

திடீர் மின்தடை மெமரி கார்டைக் கெடுக்கக்கூடும். இன்வெர்ட்டர் இணைப்பிலோ சிறு யுபிஎஸ்ஸிலோ கணினியை வைப்பதும், மாதம் ஒருமுறை கணக்கின் படியை வேறிடத்தில் சேமிப்பதும் நல்லது. மின்செலவு வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் வீட்டில் ஆள் இருக்கும் வேளையும் இல்லாத வேளையும் விளங்கிவிடும். ஆகவே இக்கணக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அன்றாட வேலைக்கு இம்மென்பொருளுக்கு இணையத் தொடர்பு தேவையில்லை. கடவுச்சொல்லை அயலாரிடம் பகிர்தல் கூடாது.

பஞ்சாயத்தும் இதைச் செய்யலாம்

எல்லா வீட்டிற்கும் இது வேண்டும் என்று நாம் கூறவில்லை. 100 யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பத்திற்குச் சிவப்பு விளக்கை எண்ணும் சோதனையே போதும். ஆனால் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மாதந்தோறும் பணம் ஒதுக்கும் பஞ்சாயத்துகள் இம்முறையை அறிந்திருப்பது அவசியம். பகலில் எரியும் தெருவிளக்கும், உடைந்த குழாய்க்கு நீர் இறைக்கும் மோட்டாரும் ஊர்ப்பணத்தையே வீணாக்குகின்றன. முதலில் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்றை அமைத்து, பழகிய பின் மற்ற இணைப்புகளுக்கு விரிவாக்கலாம். மும்முனை மோட்டாருக்கு மூன்று ஃபேஸையும் அளக்கும் கருவி தேவை என்பதை அப்போது மறக்கலாகாது. வேண்டிய முன் அனுமதியை மின்வாரியத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கணினி ஒரு யூனிட்டையும் தானாக மிச்சப்படுத்தாது. அது கணக்குப்பிள்ளை, கணக்கை எடுத்துக்காட்டுவதோடு அதன் கடமை முடிந்தது. எழுந்து சென்று சுவிட்சை அணைப்பதும், கசியும் குழாயை அடைப்பதும் நம் கையில் இருக்கின்றன. நெல்லை அளந்து பழகிய நம் கைகள் மின்சாரத்தையும் அளந்து செலவிடப் பழகினால், அதனால் வீட்டுக்கும் ஊருக்கும் நன்மை விளையும்.